பூட்டிய கேட்டுக்குள் என் கரன்ட் வண்டி

போன வருஷம் ஆவணி மாதம். பேருக்குத்தான் ஆவணி, வெயில் என்னவோ சித்திரை வெயில். காலை பத்து மணி போல, புதுச்சேரியில் கருவடிக்குப்பம் தாண்டி ஈசிஆர் ரோட்டோரத்தில், வண்டி நிறைய ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு நான் நடுவழியில் மாட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகப் பேர்வழி. பால் பாக்கெட்டை அழுத்திப் பார்க்காமல் வாங்க மாட்டேன். ஏடிஎம்மில் எனக்குப் பின்னால் யாராவது வந்து நின்றால் பணம் எடுக்காமலே திரும்பிவிடுவேன். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் பிஸ்கட் நீட்டினால், பல்வலி என்று சொல்லி வாயை மூடிக்கொள்வேன். "உங்க நிழலு பின்னாடி வந்தாக்கூட யாரு நீன்னு கேப்பீங்க" என்று என் மனைவி சொல்வாள். அவள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும்.

எனக்குத் தொழில் ஐஸ் லோடு அடிப்பது. புதுச்சேரிக்குள்ளேயே மேட்டுப்பாளையம் என்கிற தொழிற்பேட்டை எஸ்டேட்டில் இருக்கிற ஐஸ் கம்பெனியில் விடியற்காலையில் கட்டிகளை ஏற்றி வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிறவர்களுக்கு இறக்குவேன். திரும்பப் போய் இரண்டாவது லோடு ஏற்றிக்கொண்டு காலாப்பட்டுக் கடற்கரைக்குப் போவேன். ரொம்ப வருஷமாக ஒரு டீசல் வண்டிதான் சோறு போட்டது. அது படுத்த படுக்கையானதும், என் மச்சான் விடாமல் பேசிப் பேசி என்னை ஒரு பேட்டரி லோடு வண்டி வாங்க வைத்துவிட்டான். வாங்கின அன்றே எனக்கு அவன் மேல் சந்தேகம். இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறானே, இவனுக்கு இதில் என்ன கிடைக்கும் என்று ஒரு வாரம் யோசித்தேன்.

வண்டி மேலும் சந்தேகம்தான். சாவியைத் திருப்பினால் ஒரு சத்தம் இல்லை. உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று இறங்கிப் பார்க்க வேண்டியிருந்தது. டீசல் வண்டி என்றால் இருமும், உறுமும், அதன் மனசில் இருப்பது நமக்குத் தெரியும். இது வாயே திறக்காது. வாயே திறக்காத ஆளை எப்படி நம்புவது?

அதிலும் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீட்டரை நான் சுத்தமாக நம்பவில்லை. டீசல் வண்டியில் முள் சிவப்புக்கு வந்த பிறகும் காலாப்பட்டு போய்த் திரும்பி வந்திருக்கிறேன். எல்லா மீட்டரும் கொஞ்சம் ஒளித்து வைத்துக்கொண்டுதான் காட்டும் என்பது என் கணக்கு. போதாததற்கு, சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று லாஸ்பேட்டை இறக்கத்தில் எல்லாம் நியூட்ரலில் போட்டு வண்டியை உருட்டுவேன். டீசலில் பழகின கை. இந்த வண்டி கியரில் இருந்தால்தான் இறக்கத்தில் சக்கரமே பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜைத் திருப்பிக் கொடுக்கும் என்று வண்டி விற்ற இடத்தில் சொல்லித்தான் கொடுத்தார்கள். கம்பெனிக்காரன் அப்படித்தான் அளப்பான் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கு இரண்டாவது லோடு. காலாப்பட்டு ஓட்டம் எனக்குப் புதிதாகக் கிடைத்தது. அதற்கு முந்தின வாரம் ஒரு நாள் தாமதமாகப் போய், அங்கே படகுக்காரர்களுக்காக ஐஸ் எடுக்கிற பெரியவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "மீனு உனக்காவ காத்துக்கினு இருக்காதுப்பா. இன்னொரு வாட்டி இப்டி ஆனா நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அந்த ஓட்டமும் போனால் இந்த வண்டியை வைத்து நான் பூஜைதான் செய்ய வேண்டும்.

ஈசிஆர் ஏறின கொஞ்ச நேரத்தில் மீட்டரில் ஒரு ஆமைப் படம் வந்தது. கம்பெனி முத்திரை போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே வண்டி நிஜமாகவே ஆமையாகிவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் நடந்து போகிறவர் எங்களைத் தாண்டிப் போனார். அப்போதுதான் மீட்டர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது என்று புரிந்தது.

கூட்டாளி டிரைவருக்குப் போன் போட்டேன். அவர் திண்டிவனத்தில் லோடோடு இருந்தார். ஓரமாக ஊர்ந்து ஊர்ந்து ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தி, சார்ஜ் போட பிளக் இருக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் தலைக்கு மேல் இருந்த ஒற்றை பல்பைக் காட்டினார். பின்னால் ஐஸ் சொட்ட ஆரம்பித்துவிட்டது. உமி போட்டு, சாக்கு போட்டு, மேலே தார்ப்பாய் கட்டியிருந்தும் தண்ணீர் கோடு போல ரோட்டில் ஓடியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டீக்கடையை ஒட்டி ஒரு தெரு உள்ளே போகிறது. அந்த முனையில் பால் வாங்கிக்கொண்டு நின்ற ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியிருக்கும். கிட்ட வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கேட்ட முதல் கேள்வியே விசித்திரம்.

"தம்பி, இந்த வண்டி சத்தம் போடுமா?"

"போடாதுக்கா. கரன்ட் வண்டி."

"நெஜமாவா? ஸ்டார்ட் பண்ணும்போதும் போடாதா?"

"போடாது."

"அப்ப வா. எங்க வூட்ல பவர் பிளக் இருக்குது. போட்டுக்க. ஆனா ஆரன் மட்டும் அடிக்காத."

முன்பின் தெரியாத ஆளைக் கூப்பிட்டு, ஓசி கரன்ட் தருகிறேன், ஆனால் சத்தமில்லாமல் உள்ளே வா என்றால் என்ன அர்த்தம்? என் புத்தி அங்கேயே விழித்துக்கொண்டது. ஆனால் பின்னால் சொட்டுகிற ஐஸ் என்னைப் பிடித்துத் தள்ளியது. போனேன்.

தெருவின் கடைசி வீடு. பெரிய இரும்பு கேட், உள்ளே முற்றம், ஓரத்தில் ஒரு தகர ஷெட். வண்டி ஊர்ந்து உள்ளே நுழைந்ததும் அந்த அம்மா கேட்டைச் சாத்தினார். சாத்தினதோடு விடவில்லை. ஒரு பெரிய பூட்டை எடுத்து உள்பக்கமாகப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் வண்டியை விட்டு இறங்கினேன்.

"எதுக்குக்கா பூட்டறீங்க?"

"பூட்டித்தான் வெக்கணும்" என்றார். அவ்வளவுதான் பதில்.

ஷெட்டுக்குள் போய் ஏதோ ஒயரைப் பிடுங்கிவிட்டு என் சார்ஜர் ஒயரைச் செருகினார். வண்டியில் பச்சை விளக்கு எரிந்தது. எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். "மேட்டுப்பாளையத்துலேர்ந்து" என்றேன், என் வழக்கமான குரலில். அந்த அம்மா முகம் மாறிவிட்டது. உதட்டில் விரலை வைத்து, வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசுப்பா. அந்தப் பேர இங்க சொல்லாத" என்றார்.

ஊர்ப் பேரைச் சொன்னதற்கு இப்படிப் பயப்படுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள்? அந்த எஸ்டேட்டில் யாரை ஏமாற்றினார்களோ, எதைத் திருடினார்களோ என்று என் மண்டைக்குள் ஒரு வழக்கே நடக்க ஆரம்பித்தது. போனை எடுத்து மனைவிக்கு நான் இருக்கும் இடத்தை அனுப்பினேன். "ஒரு மணி நேரத்தில் நான் பேசவில்லை என்றால் போலீசுக்குப் போ" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: "சரி. வரும்போது கொத்தமல்லிக் கட்டு ஒண்ணு." என் வீட்டில் என் உயிருக்கு இருக்கிற மதிப்பு அவ்வளவுதான்.

அந்த அம்மா ஒரு டம்ளர் மோர் கொண்டு வந்து கொடுத்தார். நல்ல தாகம். ஆனால் குடிப்பேனா? அவர் திரும்பினதும் செம்பருத்திச் செடி அடியில் ஊற்றிவிட்டேன். செடி வாடுகிறதா என்று வேறு அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.

பிறகு அவர் ஷெட் வாசலில் நின்று யாரிடமோ போனில் தாழ்ந்த குரலில் பேசினார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

"ஆமா, வண்டி உள்ளதான் நிக்குது. ஆளு ஒருத்தருதான். இன்னும் ஒரு மணி நேரம் ஆவும். நீ கேட்டாண்ட வராத. தெருமொனையிலயே நில்லு, நான் சொல்றேன்."

சத்தமில்லாமல் கேட்டுப் பக்கம் போனேன். கேட்டின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். சொன்னபடியே தெரு முனையில் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பைக்கின் பின்னால் இரண்டு பெரிய காலி டிரம் கட்டியிருந்தது. அந்த டிரம்முக்குள் ஒரு ஆள் மடங்கிப் படுத்தால் அடங்குமா என்றுகூடக் கணக்குப் போட்டேன். சத்தியமாகப் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. வீட்டுக்குள்ளிருந்து கதவு இடிக்கிற சத்தம். டொம் டொம் என்று விடாமல்.

"கதவத் தொறடி. என்ன வெளிய உடு" என்று ஒரு ஆண் குரல்.

அந்த அம்மா ஓடிப்போய்க் கதவோரம் வாயை வைத்து, "கொஞ்சம் பொறுங்க. இன்னும் வரல" என்றார்.

யார் இன்னும் வரவில்லை? உள்ளே ஒருவரை ஏற்கெனவே அடைத்து வைத்திருக்கிறார்கள், அடுத்தது நான்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். மீட்டரைப் பார்த்தால் சார்ஜ் சொட்டுச் சொட்டாக ஏறியது. பின்னால் ஐஸ் அதைவிட வேகமாகச் சொட்டியது. காலாப்பட்டுப் பெரியவர் இரண்டு தடவை போன் அடித்துவிட்டார். படகெல்லாம் கரைக்கு வந்துவிட்டதாம். "வந்துகினே இருக்கேன்" என்று பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

இனி பொறுக்கக்கூடாது என்று, "யக்கா, போதும். கேட்டைத் தொறங்க, நான் கெளம்பறேன்" என்றேன். அந்த அம்மா முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கையில் எடுத்தார். சரியாக அப்போது பக்கத்து வீட்டு வாசலில் ஒரு டீசல் லோடு ஆட்டோ வந்து நின்று படபடவென்று அடித்துக்கொண்டது. உள்ளே இடி பலமாகி, கொண்டி தெறித்து, கதவு திறந்துகொண்டது.

வெளியே வந்தவரைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். எழுபது வயது இருக்கும். தேய்த்த காக்கிச் சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டு, பெல்ட் போட்டு, தலையைப் படிய வாரி, கையில் டிபன் கேரியரோடு இருந்தார். கடத்தி வைக்கப்பட்ட ஆள் மாதிரியே இல்லை. நேராக என் வண்டியிடம் வந்தார். கதவைத் திறந்து ஏறி, டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏன்யா டிரைவர், இன்னிக்கும் லேட்டா? சங்கு ஊதிடப் போறான். எடுய்யா வண்டிய."

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் தண்ணீர். கிட்ட வந்து மெல்லச் சொன்னார்.

"எங்க வூட்டுக்காரரு தம்பி. மேட்டுப்பாளையத்துல ஒரு கம்பெனில இருந்தாரு. அந்தக் கம்பெனியே இப்ப இல்ல. இவருக்கு எல்லாம் மறந்துபோச்சு, வேலைக்குப் போவணும்ன்றது மட்டும் மறக்கல. தெருவுல எந்த வண்டி சத்தம் கேட்டாலும் கம்பெனி வண்டி வந்துட்ச்சின்னு ஓடுவாரு. ஒருக்கா ரோட்டுக்கே போய் லாரில அடிபட இருந்தாரு. அதான் பூட்டு. மாவு எடுக்க வர்ற கடைக்காரத் தம்பியக்கூட தெருமொனையிலயே நிக்கச் சொல்லிடுவேன்."

அப்போதுதான் ஷெட்டுக்குள் சரியாகப் பார்த்தேன். பெரிய கிரைண்டர் ஒன்று, பாதி அரைத்த மாவோடு அப்படியே நின்றிருந்தது. அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் என் வண்டிக்குக் கொடுத்திருக்கிறார். போனில் பேசினது, மாவு தாமதமாகும் என்று கடைக்காரருக்குச் சொன்னது.

"சத்தம் இல்லாத வண்டின்றதாலதாம்ப்பா உள்ள உட்டேன். ஐஸ் போவுதேன்னு பாவமா இருந்துச்சி. மோர் குடிச்சியா?"

அந்தக் கேள்விக்கு நான் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

அவர் வீட்டுக்காரர் பொறுமை இழந்தார். "எடுய்யா" என்றார் மறுபடி. சார்ஜர் மாட்டியிருக்கும்போது வண்டி நகராது. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன். மீட்டரில் விளக்குகள் எரிந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடுதுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு முன்னால் பார்க்க ஆரம்பித்தார். முன்னால் இருந்தது ஷெட்டின் தகரச் சுவர். அதையே ஜன்னலோரப் பயணி போலப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். என் வண்டி நின்றாலும் சத்தமில்லை, ஓடினாலும் சத்தமில்லை. அவருக்கு அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு தடவை, "இந்த ரோட்டை நல்லாப் போட்டுட்டானுங்க, ஆட்டமே இல்ல" என்றார். "ஆமாங்க" என்றேன். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

கண்ணாடியில் அந்த அம்மா தெரிந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வீட்டு வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை நாளைக்கப்புறம் அப்படி உட்கார்ந்தாரோ, சாவி கையிலேயே இருந்தது.

போதுமான சார்ஜ் ஏறினதும் எனக்கு அடுத்த கவலை. இவரை எப்படி இறக்குவது? இழுத்து இறக்க எனக்கு மனசு வரவில்லை. யோசித்துவிட்டு, டீசல் வண்டிக்காரன் பிரேக் போடுகிற மாதிரி காலை அழுத்தி, சாவியைத் திருப்பி, "கம்பெனி வந்துட்ச்சிங்க" என்றேன்.

அவர் உடனே டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு இறங்கினார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, என்னிடம் "சாயங்காலம் லேட் பண்ணாத" என்று சொல்லிவிட்டு, ஒரு தகராறும் இல்லாமல் வீட்டுக்குள் நடந்து போனார். அந்த அம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவரா ஒரு நாளும் இப்டி உள்ள போனதில்ல" என்றார். கிளம்பும்போது இன்னொரு டம்ளர் மோர் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

காலாப்பட்டில் பெண்கள் மீன்களை ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்துக் காத்திருந்தார்கள். ஐஸ் கட்டிகள் சோப்பு கரைந்த மாதிரி மூலையெல்லாம் மழுங்கி இளைத்துப் போயிருந்தன. ஐஸ் எடுக்கிற பெரியவர் திட்டித் தீர்த்தார். நான் ஒரு சாக்கும் சொல்லாமல், நடந்ததை நடந்தபடியே சொன்னேன். சந்தேகமாகத்தான் கேட்டார். கடைசியில், "அந்த அம்மாவுக்கு மீனு புடிக்குமா கேட்டுக்கினு வா" என்று சொல்லிவிட்டு ஐஸை உடைக்கப் போய்விட்டார். ஓட்டம் தப்பியது.

மறுநாள் அவர் கொடுத்த மீனோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்த அம்மா கேட் இடுக்கு வழியாக என்னை மேலும் கீழும் பார்த்து, "எதுக்குப்பா வந்த?" என்றார். ஓ, நம்மை ஒருவர் சந்தேகப்பட்டால் இப்படித்தான் இருக்குமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் வீட்டுக்காரரை வண்டியில் ஒரு சுற்று அழைத்துப் போகவா என்று கேட்டதும் ரொம்ப நேரம் யோசித்தார். அன்றைக்குத் தானும் கூடவே ஏறிக்கொண்டுதான் வந்தார். அவரைக் குற்றம் சொல்ல நான் யார்?

இப்போது காலாப்பட்டிலிருந்து திரும்பும்போது பெரும்பாலான நாட்களில் அந்தத் தெருவுக்குள் நுழைந்துவிடுகிறேன். வீட்டுக்காரர் மட்டும் சட்டையைச் செருகிக்கொண்டு ஏறுவார். லைட்ஹவுஸ் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வருவார். தெருவைச் சுற்றி, கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, அதே கேட்டுக்குள் நுழைந்து "கம்பெனி வந்துட்ச்சிங்க" என்பேன். இறங்கிப் போய்விடுவார். அந்த நேரத்தில் அந்த அம்மா நிம்மதியாக ஒரு ஈடு மாவு அரைத்து முடித்திருப்பார். இறக்கத்தில் இப்போதெல்லாம் நான் நியூட்ரல் போடுவதில்லை. மச்சானிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை, தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

என் சந்தேகப் புத்தி ஒன்றும் அடியோடு போய்விடவில்லை. பால் பாக்கெட்டை இன்றைக்கும் அழுத்தித்தான் பார்க்கிறேன். ஆனால் போன மாதம் ஒரு நாள், கிரைண்டரை விட்டு ஒவ்வொரு தடவையும் எழுந்து வர முடியவில்லை என்று அந்த அம்மா கேட் பூட்டுக்கு இன்னொரு சாவி போட்டு என் கையில் கொடுத்துவிட்டார். யாரையுமே நம்பாத என்னை நம்பி ஒருவர் கொடுத்த அந்தச் சாவி என் வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்குகிறது. சத்தமே போடாத என் வண்டியில் ஒவ்வொரு காலையும் எனக்குக் கேட்பது அது ஆடி உரசுகிற சத்தம்தான்.